ஸைக்ரிஸ்: இரத்த உறைவைத் தடுத்து செப்சிஸை வெல்லப் பார்த்த மருந்து

2001 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு ஒரு புது மருந்தைப் பற்றி வாக்கெடுப்பு நடத்தியது. ஆதரவு 10, எதிர்ப்பு 10. சரிபாதியாகப் பிரிந்த குழுவை வைத்துக்கொண்டு நிர்வாகம் அடுத்த மாதமே ஒப்புதல் கொடுத்துவிட்டது. மருந்தின் பெயர் ஸைக்ரிஸ். தயாரித்தது எலை லில்லி. செப்சிஸ் என்பது தொற்றை எதிர்க்கும் முயற்சியில் உடம்பு தன் உறுப்புகளையே சேதப்படுத்திக்கொள்ளும் நிலை. கடுமையான செப்சிஸுக்கென்றே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுதான். பத்து வருடம் கழித்து, 2011 அக்டோபர் 25 அன்று, கம்பெனியே அதை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

இந்தக் கதையை வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்வார்கள். கம்பெனியின் பேராசை என்பது ஒன்று. முதல் சோதனையில் அதிர்ஷ்டம் அடித்தது, இரண்டாவதில் சாயம் வெளுத்தது என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் குரங்கிலும் ஆய்வகத்திலும் அவ்வளவு பலமான அடிப்படை இருந்த ஒரு மருந்து மனிதர்களிடம் ஏன் எடுபடவில்லை என்ற கேள்விக்கு இரண்டுமே பதில் சொல்வதில்லை. என் கணிப்பில், கிருமி நுழைந்த உடம்பில் இரத்தம் ஏன் உறைகிறது என்பதை அன்று பாதிதான் புரிந்துவைத்திருந்தார்கள். அந்தப் பாதிப் புரிதலுக்கு ஏற்றபடிதான் மருந்தின் அளவும் சோதனையும் அமைந்தன.

உறைவு எங்கே தொடங்குகிறது

வெட்டுக்காயத்தில் இரத்தம் உறைவது எல்லோருக்கும் தெரிந்தது. காயமே இல்லாமல், கிருமி மட்டும் இரத்தத்தில் கலந்தாலும் உறைவு தொடங்கும். ஈ.கோலை போன்ற பாக்டீரியாவின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்ற பொருள் இருக்கிறது. அது மோனோசைட் என்ற வெள்ளையணுவைத் தொட்டதும், அந்த அணு சில மணி நேரத்துக்குள் தன் மேற்பரப்பில் 'திசுக் காரணி' என்ற புரதத்தை ஏற்றிக்கொள்கிறது. சாதாரணமாக இந்தப் புரதம் இரத்தத்துக்கு வெளியே, குழாய்ச் சுவரின் பின்புறத்தில்தான் இருக்கும். குழாய் அறுந்தால் மட்டுமே இரத்தம் அதைச் சந்திக்கும். இப்போது அது இரத்தத்துக்குள்ளேயே மிதந்து வருகிறது. இரத்தத்தில் ஓடும் உறைவுப் புரதங்களுக்குக் காரணிகள் என்று பெயர்; எண்ணால் குறிப்பார்கள். ஏழாம் காரணி அதில் ஒட்டுகிறது, பத்தாம் காரணி தூண்டப்படுகிறது, த்ராம்பின் உருவாகிறது. கரைந்திருந்த ஃபைப்ரினோஜெனை த்ராம்பின் வெட்டி ஃபைப்ரின் நூலாக்குகிறது.

உறைவைக் கரைக்கும் ஏற்பாடும் கூடவே தொடங்கும். ஆனால் நீடிக்காது. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு மிகச் சிறிய அளவு எண்டோடாக்சின் கொடுத்து நெதர்லாந்தில் நடத்திய ஆய்வுகளில் இது அழகாகத் தெரிந்தது. முதலில் கரைக்கும் வேலை சற்று வேகமெடுக்கிறது. பிறகு பிஏஐ-1 என்ற தடுப்பான் குபுக்கென்று ஏறி அதை அடைத்துவிடுகிறது. உறைவு மட்டும் மேலே போகிறது. உடம்பு தெரிந்தேதான் கதவைச் சாத்துகிறது என்று தோன்றும் அளவுக்கு ஒழுங்கான வரிசை.

தெரிந்தேதான் சாத்துகிறது என்பதற்கு வேறொரு பிராணியிடம் சான்று கிடைக்கும். ஒடிசாக் கடற்கரையில் கரையேறும் குதிரைலாட நண்டின் அமெரிக்க உறவுக்கார நண்டை வைத்து ஃபிரடெரிக் பாங் 1956-இல் ஒன்றைக் கண்டார். சில பாக்டீரியாவை ஊசியால் செலுத்தினால் நண்டின் இரத்தம் முழுக்க உறைந்து அது செத்துப்போகிறது. ஜாக் லெவினும் அவரும் 1964-இல் காரணத்தைச் சொன்னார்கள்: அந்த நண்டின் இரத்தத்தில் உள்ள ஒரே வகை அணுதான் கிருமியை உணர்வதும், உறைவுப் புரதங்களைக் கொட்டுவதும். அதற்கு எதிர்ப்புச் சக்தி தனித்துறை, உறைவு தனித்துறை என்று கிடையாது. ஊசிமருந்துகளில் எண்டோடாக்சின் கலந்திருக்கிறதா என்று பார்க்க மருந்து ஆலைகள் இன்றும் அந்த நண்டின் இரத்தச் சாற்றைப் பயன்படுத்துகின்றன. நம் உடம்பில் அந்த வேலை வெள்ளையணு, தட்டணு (பிளேட்லெட்), கல்லீரல் செய்யும் புரதங்கள் என்று பிரிந்துபோனாலும், பழைய உறவு விட்டுப்போகவில்லை.

வரப்பு உடைந்த இடத்தில் மண்ணை வெட்டிப் போட்டு அடைப்பதுபோல, கிருமி புகுந்த நுண்குழாயை உடம்பு அடைக்கிறது. அதே மண் வாய்க்கால் முழுக்க விழுந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. செப்சிஸில் டிஐசி என்று மருத்துவர்கள் சொல்வது இந்த இரண்டாவது நிலைமைதான். உடம்பெங்கும் நுண்குழாய்களில் உறைவு. அதிலேயே தட்டணுக்களும் உறைவுக் காரணிகளும் தீர்ந்துபோவதால், இன்னொரு பக்கம் ஊசி குத்திய இடத்திலெல்லாம் இரத்தக் கசிவு. உறைவதும் வழிவதும் ஒரே நோயாளியிடம், ஒரே நேரத்தில்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் மெனிங்கோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் பரவிய குழந்தையின் தோலைப் பார்க்க வேண்டும். காலையில் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளிகள். அழுத்தினால் மறையாது. சில மணி நேரத்தில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஊதா நிறத் திட்டுகளாகின்றன. விரல் நுனியும் கால்விரலும் கறுக்கின்றன. பிழைத்தாலும் விரலை, சில சமயம் காலையே எடுக்க வேண்டியிருக்கும். இந்தக் குழந்தைகளின் இரத்தத்தில் 'புரதம் சி' என்ற பொருள் மிகவும் குறைந்துபோயிருப்பது 1980-களிலிருந்தே கவனிக்கப்பட்டது. ஸைக்ரிஸின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

பிரேக்கைப் பிடித்தவர்கள்

புரதம் சி கல்லீரலில் உற்பத்தியாகிறது. சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்போது அதற்கு வேலையில்லை. அதை வேலைக்கு எழுப்புவது த்ராம்பின். உறைவை உண்டாக்கும் அதே த்ராம்பின்தான். சேதமாகாத குழாய்ச் சுவரில் த்ராம்போமாடுலின் என்ற ஏற்பி இருக்கிறது. த்ராம்பின் அதில் போய் உட்கார்ந்ததும் அதன் குணம் மாறிவிடுகிறது. ஃபைப்ரினோஜெனை வெட்டுவதை விட்டுவிட்டு, புரதம் சி-யைத் தூண்ட ஆரம்பிக்கிறது. தூண்டப்பட்ட புரதம் சி, ஐந்தாம் எட்டாம் காரணிகளை வெட்டித் த்ராம்பின் உற்பத்தியை அடக்குகிறது. காயம்பட்ட இடத்தில் உறைவு, அதைத் தாண்டிய நல்ல சுவரில் தடை. தானே தன் எல்லையைப் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு.

செப்சிஸில் வீக்கத் தூண்டிகள் குழாய்ச் சுவரிலிருந்து இந்த த்ராம்போமாடுலினையே உதிர்த்துவிடுகின்றன. மெனிங்கோகாக்கஸ் தாக்கிய குழந்தைகளின் தோலை எடுத்துப் பார்த்து 2001-இல் இதை நேரடியாகக் காட்டினார்கள். அப்படியானால் தூண்டப்படாத புரதம் சி-யை ஊற்றிப் பயனில்லை, தூண்டிய வடிவத்திலேயே வெளியிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது தர்க்கப்படி சரி. லில்லி மரபுப் பொறியியல் முறையில் தயாரித்ததும் அந்தத் தூண்டிய வடிவத்தைத்தான்.

இந்த யோசனைக்கு உயிர் கொடுத்தது ஓக்லஹோமாவில் ஃபிளெட்சர் டெய்லர், சார்ல்ஸ் எஸ்மன் குழுவினர் 1987-இல் வெளியிட்ட பபூன் குரங்கு ஆய்வு. சாகடிக்கும் அளவு ஈ.கோலை செலுத்தப்பட்ட குரங்குகளைத் தூண்டிய புரதம் சி காப்பாற்றியது. குரங்கின் சொந்தப் புரதம் சி-யை எதிர்ப்பொருளால் முடக்கினால், சாதாரணமாகத் தாங்கிக்கொள்ளும் அளவு பாக்டீரியாவே அதைக் கொன்றது. இரண்டு பக்கமும் பொருந்தும் சான்று. மருந்து உலகில் இப்படி அமைவது அபூர்வம்.

ஆனால் அதே டெய்லர் குழு 1991-இல் இன்னொரு முடிவையும் வெளியிட்டது. இந்த முழு விவகாரத்திலும் அதிகம் கவனிக்கப்பட்டிருக்க வேண்டிய கட்டுரை என்று நான் நினைப்பது அதைத்தான். பத்தாம் காரணியைச் செயலிழக்கச் செய்து, அந்த வடிவத்தைக் குரங்குகளுக்குக் கொடுத்தார்கள். அது உறைவை மட்டும் நிறுத்தும். எதிர்பார்த்தபடி உறைவு நின்றது, ஃபைப்ரினோஜென் தீரவில்லை, டிஐசி வரவில்லை. அதிர்ச்சியும் உறுப்புச் சேதமும் மட்டும் நிற்கவில்லை. அதாவது உறைவை நிறுத்தியதால் மட்டும் குரங்கு பிழைக்கவில்லை. அப்படியென்றால் 1987-இல் புரதம் சி குரங்கைக் காப்பாற்றியது எதனால்? உறைவைத் தடுத்ததாலா, வேறு ஏதாவது செய்ததாலா? அந்தக் கேள்வி கைவசம் இருந்தபோதே மனிதச் சோதனைக்கான மருந்தளவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எந்த அளவுகோலை வைத்து? இரண்டாம் கட்டச் சோதனையில் 131 நோயாளிகளிடம் பல அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். முக்கியமாகப் பார்த்தது டி-டைமர் எவ்வளவு குறைகிறது என்பது. கொரோனா காலத்தில் நம் ஊர் லேப் ரிப்போர்ட்டுகளில் எல்லோரும் பார்த்துப் பயந்த அதே டி-டைமர்தான். ஃபைப்ரின் கரையும்போது உதிரும் துண்டு அது. மருந்தின் அளவு கடைசியில் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 24 மைக்ரோகிராம், 96 மணி நேரம் என்று முடிவானது. ஆக, இரத்தத்தை நீர்க்க வைக்கும் வேலையை எந்த அளவில் நன்றாகச் செய்கிறதோ அந்த அளவு தேர்வானது. கசிவு ஆபத்தும் அதோடு சேர்ந்தே வந்தது.

ப்ரோவெஸ்

பெரிய சோதனைக்கு ப்ரோவெஸ் என்று பெயர். 11 நாடுகள், 164 மையங்கள், 1690 நோயாளிகள். 28 நாளுக்குள் இறந்தவர்கள், பிளாசிபோ (மருந்தில்லாத போலி மருந்து) பெற்றவர்களில் 30.8 சதவீதம், மருந்து பெற்றவர்களில் 24.7 சதவீதம். பதினாறு பேருக்குக் கொடுத்தால் ஒரு உயிர் கூடுதலாக மிஞ்சும் என்ற கணக்கு. கடுமையான இரத்தக் கசிவு மருந்துப் பிரிவில் 3.5, பிளாசிபோவில் 2.0 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2001 மார்ச்சில் கட்டுரை வந்தது. அதற்கு முன் இருபது வருடமாக செப்சிஸுக்கு எது கொடுத்தாலும் தோல்விதான். தீவிர சிகிச்சை மருத்துவர்கள் இதைக் கொண்டாடியதில் தப்பே இல்லை.

ஆலோசனைக் குழுவில் பாதிப் பேர் ஏன் தயங்கினார்கள்? சோதனை நடுவில் விதிகள் மாறியிருந்தன. வேறு நோயால் எப்படியும் பிழைக்க வாய்ப்பில்லாதவர்களைச் சேர்க்கக்கூடாது என்று விலக்கு விதிகளை இறுக்கினார்கள். பிளாசிபோவை உப்புநீரிலிருந்து ஆல்புமின் கரைசலுக்கு மாற்றினார்கள். மருந்தை உற்பத்தி செய்யும் செல் தொகுப்பும் மாறியது. இந்த மாற்றத்துக்கு முன் சேர்ந்தவர்களிடம் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பின்னால் சேர்ந்தவர்களிடம்தான் பலன் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாக நியாயம் சொல்லலாம். மூன்றும் சேர்ந்து வரும்போது புருவம் உயரத்தான் செய்யும். அதோடு, நோயின் கடுமையை அளக்கும் அபாச்சி மதிப்பெண் 25-உம் அதற்கு மேலும் உள்ளவர்களிடம்தான் மருந்து வேலை செய்ததாகத் தெரிந்தது. அவர்களில் மரணம் 43.7-இலிருந்து 30.9 சதவீதமாக இறங்கியது. அதற்குக் கீழே உள்ளவர்களிடம் ஒன்றுமில்லை. நிர்வாகம் இதை வைத்து, "சாகும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மட்டும்" என்று எல்லை போட்டு அனுமதி கொடுத்தது. முடிவு வந்த பிறகு அதைக் கூறு போட்டுத் தேடிய உண்மையின்மேல் உரிமம் நின்றது.

பின்னோக்கிப் பார்க்கும்போது இன்னொரு விவரமும் உறுத்துகிறது. சோதனையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புரதம் சி குறைவுதான். ஆனால் குறைவு உள்ளவர், இல்லாதவர் இருவரிடமும் மருந்தின் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இல்லாததை நிரப்புகிறோம் என்ற அடிப்படைக் கதைக்கு இது ஒத்துவராது. அன்று இதை, "எல்லோருக்கும் பலன் கிடைக்கிறது" என்று நல்ல செய்தியாக வாசித்தார்கள்.

ஒரு நோயாளிக்கு மருந்துச் செலவு சுமார் 7000 டாலர். விற்பனை கம்பெனி எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. செப்சிஸ் சிகிச்சை வழிகாட்டி உருவாக்கிய இயக்கத்துக்கு லில்லி பெருமளவில் நிதி கொடுத்ததும், 2004 வழிகாட்டியில் ஸைக்ரிஸ் இடம்பெற்றதும், 2006-இல் மருத்துவ இதழ் ஒன்றில் கடும் விமர்சனத்துக்கு ஆளாயின. இந்தப் பகுதியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. விட்டுவிடுகிறேன்.

அடுத்தடுத்த சோதனைகள் ஒவ்வொன்றாகக் கதவை மூடின. ஆபத்து குறைந்த நோயாளிகளிடம் நடந்த அட்ரஸ் சோதனை 2640 பேர் சேர்ந்த நிலையில் நின்றது. மருந்துப் பிரிவில் மரணம் 18.5, பிளாசிபோவில் 17.0 சதவீதம். குழந்தைகளிடம் நடந்த ரிசால்வ் சோதனையிலும் பலன் இல்லை. மூளையில் இரத்தக் கசிவு, முக்கியமாக இரண்டு மாதத்துக்கும் குறைந்த சிசுக்களில், கவலை தந்தது. யாருடைய தோலைப் பார்த்து இந்த யோசனையே பிறந்ததோ அந்த வயதினருக்கே மருந்து உதவவில்லை. கடைசியில் ஐரோப்பிய அதிகாரிகளின் கெடுபிடியால், செப்டிக் அதிர்ச்சியில் இருப்பவர்களை மட்டும் சேர்த்து ப்ரோவெஸ்-ஷாக் நடந்தது. 1697 பேர். மருந்துப் பிரிவில் மரணம் 26.4, பிளாசிபோவில் 24.2 சதவீதம். புரதம் சி மிகவும் குறைந்திருந்தவர்களைத் தனியே எடுத்தாலும் 28.7-க்கு 30.8. அது தற்செயலைத் தாண்டிய வித்தியாசமில்லை. முடிவு கையில் வந்ததுமே மருந்து சந்தையிலிருந்து போனது.

அந்த 24.2 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிளாசிபோ பிரிவில் 35 சதவீதம் பேர் இறப்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் சோதனையை வடிவமைத்திருந்தார்கள். பத்து வருடத்தில் ஆன்டிபயாடிக்கைச் சீக்கிரம் போடுவதும், திரவம் ஏற்றுவதும், வெண்டிலேட்டரை மென்மையாக ஓட்டுவதும் அவ்வளவு முன்னேறியிருந்தன. மருந்து மிச்சம்பிடிக்க வேண்டிய உயிர்களை நல்ல ஐசியூ பராமரிப்பு ஏற்கெனவே மிச்சம்பிடித்துவிட்டது.

ஸைக்ரிஸ் மட்டுமல்ல

இதை ஒரு கம்பெனியின் தனிப்பட்ட தோல்வி என்று ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம், வேறு வழியில் உறைவைத் தடுத்தவர்களும் அதே இடத்தில்தான் வந்து நின்றார்கள் என்பது. த்ராம்பினை முடக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தைக் கொடுத்த கைபர்செப்ட் சோதனையில் 2314 பேர். மரணம் மருந்துப் பிரிவில் 38.9, பிளாசிபோவில் 38.7 சதவீதம். திசுக் காரணிப் பாதையை அடைக்கும் டிஃபாகோஜின் சோதனையில் 34.2-க்கு 33.9. மூன்று மருந்தும் உறைவுச் சங்கிலியின் மூன்று வெவ்வேறு கண்ணிகளைப் பிடித்தவை. மூன்றும் டி-டைமர் போன்ற அளவுகளை நகர்த்தின. கசிவைக் கூட்டின. உயிரைக் காக்கவில்லை.

குரங்கு 1991-இலேயே சொன்ன பதில் இது.

ஆய்வகம் தாமதமாகக் கண்டவை

சோதனைகள் விழுந்துகொண்டிருந்த அதே வருடங்களில் ஆய்வகங்களில் படம் மாறிக்கொண்டிருந்தது. 2002-இல், தூண்டிய புரதம் சி குழாய்ச் சுவரின் செல்களில் பார்-1 என்ற ஏற்பி வழியாக நேரடியாகச் சமிக்ஞை கொடுக்கிறது என்று தெரிந்தது. அது சுவரை இறுக்கிப் பிடிக்கிறது, செல் சாவதைத் தடுக்கிறது, வீக்கத்தைத் தணிக்கிறது. உறைவோடு இதற்கு நேரடித் தொடர்பில்லை. புரதத்தின் ஒரு ஓரத்தில் சில அமினோ அமிலங்களை மாற்றினால் உறைவைத் தடுக்கும் திறன் ஏறக்குறையப் போய்விடும், சமிக்ஞை மட்டும் தங்கும். 2007-இல் அந்த மாற்று வடிவத்தை செப்சிஸ் எலிகளுக்குக் கொடுத்தபோது, அது அசல் புரதத்துக்குச் சமமாகவே அவற்றைக் காப்பாற்றியது. மருந்தின் நல்ல பாதி வேறு, இரத்தத்தை நீர்க்க வைக்கும் பாதி வேறு. லில்லி டி-டைமரைப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுத்தபோது கெட்டியாகப் பிடித்துக்கொண்டது இரண்டாவது பாதியை.

அந்த இரண்டாவது பாதி வெறுமனே பயனற்றது மட்டும்தானா? அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

2004-இல் பெர்லினில், நியூட்ரோபில் என்ற வெள்ளையணு சாகும்போது தன் டிஎன்ஏவையே வெளியே வீசி வலையாக்கிக் கிருமியைப் பிடிப்பதைக் கண்டார்கள். அந்த வலையில் தட்டணு ஒட்டும், உறைவு வேகமெடுக்கும். 2010-இல் மியூனிக்கில் ஸ்டெஃபன் மாஸ்பெர்க் குழு இன்னும் ஒரு படி போனது. வலையோடு வெளிவரும் எலாஸ்டேஸ், கதெப்சின் ஜி என்ற இரண்டு நொதிகள் உறைவைத் தடுக்கும் இயற்கைப் புரதத்தை வெட்டி எறிகின்றன. அதாவது வெள்ளையணு பிரேக்கைக் கழற்றிவிட்டு உறைவை ஓட்டுகிறது. இந்த நொதிகள் இல்லாத எலிகளுக்கு ஈ.கோலை தொற்று ஏற்படுத்தினால், கல்லீரலின் நுண்குழாய்களில் ஃபைப்ரின் குறைவாகவே படிகிறது. பதிலுக்குத் திசுக்களில் பாக்டீரியா அதிகமாகப் பரவுகிறது. நுண்குழாயின் உறைவு கிருமியை அதே இடத்தில் பூட்டி வைத்திருந்தது என்று அர்த்தம். பெர்ன்ட் எங்கெல்மனும் மாஸ்பெர்க்கும் 2013-இல் இதற்கு எதிர்ப்புச் சக்தி சார்ந்த உறைவு என்று ஒரு பெயரே வைத்தார்கள்.

ஃபைப்ரின் வெறும் அடைப்பு அல்ல என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று 2004-இல் வந்த ஒரு எலி ஆய்வு. ஃபைப்ரினோஜெனில் ஒரு சின்ன இடத்தை மட்டும் மாற்றி எலிகளை உருவாக்கினார்கள். இரத்தம் எப்போதும்போல உறையும். கசிவு இல்லை. ஆனால் வெள்ளையணுவின் மேக்-1 என்ற ஏற்பி ஃபைப்ரினைப் பிடிக்க முடியாது. அந்த எலியின் வயிற்றில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸைச் செலுத்தினால், மற்ற எலிகள் சுத்தம் செய்துவிடும் கிருமியை அதனால் சுத்தம் செய்ய முடியவில்லை. உறைவு நன்றாக இருந்தும் எதிர்ப்பு தோற்றது. வெள்ளையணுவுக்கு இங்கே வா, இங்கே வேலை இருக்கிறது என்று சொல்வது அந்த ஃபைப்ரின்தான்.

கிருமிகளுக்கு இது நம்மைவிட முன்பே தெரியும். மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் லேப் எதிலும் ஒரு சின்னக் குழாயைக் காட்டுவார்கள். முயல் பிளாஸ்மாவில் கொஞ்சம் பாக்டீரியாக் கரைசலைக் கலந்து 37 டிகிரியில் வைப்பார்கள். நாலு மணி நேரத்துக்குள் குழாயைச் சாய்த்தால், திரவம் ஓடாமல் கெட்டியாக நின்றால் அது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். அந்தக் கிருமி கோயாகுலேஸ் என்ற புரதத்தை விட்டு த்ராம்பினின் மூலப் புரதமான நம் ப்ரோத்ராம்பினையே கைப்பற்றி, வெட்டாமலே அதைத் தூண்டி, தன்னைச் சுற்றி ஃபைப்ரின் உறையைக் கட்டிக்கொள்கிறது. சீழ்க்கட்டிக்குள் அது வெள்ளையணுவின் கைக்கு எட்டாமல் உட்கார்ந்திருப்பது இந்தக் கோட்டைக்குள்தான்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸின் வழி நேர் எதிர். நாம் கட்டிய சுவரை அது கரைத்துக்கொண்டு வெளியேறும். அதற்கு அது பயன்படுத்தும் ஸ்ட்ரெப்டோகைனேஸை 1933-இல் கண்டுபிடித்தார்கள். பிற்காலத்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் மாரடைப்புக்கு ஊசியாகப் போட்ட அதே பொருள். ஃபைப்ரினைக் கரைக்கும் நொதியின் மூலப் புரதத்துக்குப் பிளாஸ்மினோஜென் என்று பெயர். மனிதனின் பிளாஸ்மினோஜென் மீதுதான் அது சரியாக வேலை செய்யும். 2004-இல் மனிதப் பிளாஸ்மினோஜென் சுரக்கும் எலிகளை உருவாக்கி இந்தக் கிருமியைச் செலுத்தியபோது, சாதாரண எலிகளைவிட அவை மிக அதிகமாகச் செத்தன. பிளேக் கிருமியிடமும் இப்படி ஒரு கரைப்பான் உண்டு. அது இல்லாத பிளேக் கிருமியைத் தோலுக்கடியில் செலுத்தினால் பரவும் வலு பெரிதும் குறைந்துவிடுகிறது.

சுவரைக் கரைப்பதற்கென்றே கிருமிகள் தனி ஆயுதம் வைத்திருக்கின்றன என்றால், அந்தச் சுவருக்கு மதிப்பு உண்டு. 2001-இன் சோதனைகளோ எந்தக் கிருமி என்று பார்க்காமல், எந்த நேரம் என்று பார்க்காமல், எல்லா நோயாளிக்கும் ஒரே அளவில் சுவரைத் தளர்த்தின.

என் வாசிப்பு

இப்படியெல்லாம் சொன்னதும், செப்சிஸில் உறைவு நல்லது, தொடாதீர்கள் என்று முடிவு கட்டினால் அது மறுபக்கத் தவறு. கறுத்த விரல்களோடு படுத்திருக்கும் நோயாளிக்கு அந்த உறைவு எந்த நன்மையும் செய்யவில்லை. மேலும், செத்த அணுக்களிலிருந்து சிந்தும் ஹிஸ்டோன்கள் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்கள்) குழாய்ச் சுவரையே கொல்கின்றன என்று எஸ்மனின் குழு 2009-இல் காட்டியது. தூண்டிய புரதம் சி அவற்றையும் வெட்டுகிறது. ஆக, வெள்ளையணு வீசும் டிஎன்ஏ வலை கிருமியையும் பிடிக்கும், வீட்டையும் எரிக்கும்.

கேள்வி எப்போது, யாருக்கு என்பதுதான். கொரோனாவில் இதை ஒருமுறை நேரிலேயே பார்த்தோம். கிருமி வைரஸ்தான் என்றாலும் பாடம் பொருந்தும். 2021-இல் வந்த பெரிய சோதனைகளில், உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து முழு அளவில் ஐசியூவுக்குப் போகாத நோயாளிகளுக்கு உதவியது. ஏற்கெனவே ஐசியூவில் இருந்தவர்களுக்கு உதவவில்லை. அதே மருந்து, அதே நோய், வேறு கட்டம்.

த்ராம்போமாடுலினையே மருந்தாகக் கொடுத்த ஸ்கார்லெட் சோதனையும் 2019-இல் இதைத்தான் காட்டியது. 800 பேர். மரணம் மருந்துப் பிரிவில் 26.8, பிளாசிபோவில் 29.4 சதவீதம். புள்ளியியல்படி வெற்றி இல்லை. ஆனால் அங்கே ஒரு விவரம் இருக்கிறது. உறைவுக் கோளாறு இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை பார்த்துச் சேர்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, மருந்து ஏறத் தொடங்கும் நேரத்தில் அந்தக் கோளாறே சரியாகியிருந்தது. சில மணி நேரத்தில் நோய் அப்படி உருமாறுகிறது. கோளாறு நீடித்தவர்களை மட்டும் எடுத்தால் 26.7-க்கு 32.1. பின்னால் கூறு போட்டுப் பார்த்த கணக்கு என்பதால் இதை நம்பி மருந்து போட முடியாது. ப்ரோவெஸ் கதையே அப்படிக் கூறு போட்டதில் வந்த வினைதானே. ஜப்பானில் மட்டும் 2008 முதல் டிஐசிக்கு இந்த மருந்து அனுமதி பெற்றுப் புழக்கத்தில் இருக்கிறது. அங்கே செப்சிஸ் என்ற பெரிய பெயரைப் பார்த்து மருந்து எழுதுவதில்லை. தட்டணு எண்ணிக்கையையும் உறைவு நேரத்தையும் வைத்து டிஐசி மதிப்பெண் போட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். மற்ற நாடுகள் அந்த வழக்கத்திலிருந்து கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

உறைவைத் தடுக்கும் திறன் குறைக்கப்பட்ட புரதம் சி வடிவம் இப்போது மூளைப் பக்கவாதத்துக்கான சோதனைகளுக்குப் போயிருக்கிறது. செப்சிஸ் வார்டில், காலில் உறைவு வராமல் இருக்கக் கொடுக்கும் சிறிய அளவு ஹெப்பாரினைத் தாண்டி, வழக்கமான சிகிச்சையில் உறைவைத் தொடும் மருந்து ஏதும் பெரும்பாலான நாடுகளில் இல்லை. ஆன்டிபயாடிக், சீழ் இருக்கும் இடத்தைத் திறந்துவிடுவது, திரவம், இரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்து, அவ்வளவுதான். டி-டைமர் எவ்வளவு என்று லேப் சொல்லிவிடும். அது கல்லீரலில் ஈ.கோலையைப் பூட்டி வைத்திருந்த ஃபைப்ரினிலிருந்து வந்ததா, சிறுநீரகத்தை மூச்சுத்திணற வைத்த ஃபைப்ரினிலிருந்து வந்ததா என்று அந்த எண் சொல்லாது. அதைப் பிரித்துச் சொல்லும் பரிசோதனை வராதவரை, அடுத்த ஸைக்ரிஸும் எல்லா உறைவையும் ஒரே உறைவாக நினைத்துத்தான் சோதனைக்குள் போகும்.